புரோஸ்டேட் எம்.ஆர்.ஐ.: படிப்பவர் தடுமாறும் இடங்கள்

தாராபுரத்திலோ கோபிசெட்டிபாளையத்திலோ இருக்கும் ஒரு பொது மருத்துவர், இரவில் நான்கைந்து முறை சிறுநீர் கழிக்க எழவேண்டியிருக்கிறது என்று வரும் அறுபத்தைந்து வயதுக்காரருக்கு புரோஸ்டேட் சுரப்பி சுரக்கும் பி.எஸ்.ஏ. என்ற புரதத்தின் அளவை இரத்தத்தில் பார்க்கச் சொல்கிறார். மில்லிலிட்டருக்கு 7 அல்லது 8 நானோகிராம் என்று முடிவு வருகிறது. வழக்கமாகக் கொள்ளப்படும் வரம்பு 4 என்பதால், புரோஸ்டேட் புற்றாக இருக்குமோ என்ற ஐயத்தில் கோவைக்கோ ஈரோட்டுக்கோ சிறுநீரியல் மருத்துவரிடம் அனுப்பிவைக்கிறார். முன்பெல்லாம் அடுத்த படி, மலக்குடல் வழியாக ஊசி செலுத்திப் பத்துப் பன்னிரண்டு இடங்களில் திசு எடுப்பதாக இருந்தது. இப்போது பல சிறுநீரியல் மருத்துவர்கள் ஊசியைக் கையில் எடுக்கும் முன் எம்.ஆர்.ஐ. எடுத்துவரச் சொல்கிறார்கள். அதன் அறிக்கையில் பை-ராட்ஸ் என்ற பெயரோடு, வீரியமுள்ள புற்று இருக்க வாய்ப்பு எவ்வளவு என்பதைச் சொல்லும் 1 முதல் 5 வரையிலான ஓர் எண் இருக்கும். திசு எடுப்பதா, காத்திருப்பதா என்பதைப் பெரும்பாலும் அந்த எண்தான் முடிவு செய்கிறது.

இந்த மாற்றத்துக்கு வலுவான காரணம் உண்டு. 2017-இல் வெளியான பிராமிஸ் என்ற பிரிட்டிஷ் ஆய்வில் 576 ஆண்களுக்கு எம்.ஆர்.ஐ.யும் வழக்கமான ஊசிச் சோதனையும் செய்யப்பட்டன. இரண்டில் எது சரி என்று பார்க்க, சுரப்பி முழுவதையும் ஐந்து மில்லிமீட்டர் இடைவெளியில் துளைத்துத் திசு எடுக்கும் விரிவான சோதனையும் செய்யப்பட்டது. சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு வீரியமுள்ள புற்று இருந்தவர்களில் 93 விழுக்காட்டினரை எம்.ஆர்.ஐ. சுட்டிக்காட்டியது, வழக்கமான ஊசிச் சோதனை 48 விழுக்காட்டினரைத்தான் கண்டுபிடித்தது. அடுத்த ஆண்டு 500 ஆண்களிடம் நடந்த பிரெசிஷன் ஆய்வில், எம்.ஆர்.ஐ. காட்டிய இடத்தைக் குறிவைத்துத் திசு எடுத்த பிரிவில் 38 விழுக்காட்டினருக்கும், படமின்றி வழக்கம்போல் எடுத்த பிரிவில் 26 விழுக்காட்டினருக்கும் அத்தகைய புற்று கண்டறியப்பட்டது. இந்தச் செய்தி எல்லோருக்கும் எட்டிவிட்டது. பிராமிஸ் ஆய்வின் மறுபாதி அவ்வளவாக எட்டவில்லை: வீரியமுள்ள புற்று இல்லாதவர்களில் 41 விழுக்காட்டினரைத்தான் எம்.ஆர்.ஐ. 'இல்லை' என்று சரியாக விலக்கியது. 2020-இல் 26 மையங்களின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும், பை-ராட்ஸ் 3-ம் அதற்கு மேலும் கொடுக்கப்பட்ட நிழல்களில் 35 விழுக்காடும், 4-ம் அதற்கு மேலும் கொடுக்கப்பட்டவற்றில் 49 விழுக்காடும்தான் உண்மையில் வீரியமுள்ள புற்றாக இருந்தன. அந்த அளவும் மையத்துக்கு மையம் பெரிதும் மாறியது.

ஒரே அட்டவணையை வைத்துக்கொண்டு எண் கொடுத்தும் முடிவு ஏன் இப்படி ஊசலாடுகிறது? படத்தைப் படித்து அறிக்கை எழுதும் கதிரியக்க மருத்துவரின் அனுபவம் ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம், புரோஸ்டேட் படத்தில் கருப்பாகத் தெரியும் ஒரு நிழலுக்குப் பொருள் கொடுக்கும் செய்திகளில் பாதி அந்தப் படத்துக்கு வெளியே இருப்பது. முன்பு எப்போது ஊசி போட்டார்கள், சிறுநீர்த் தொற்று இருந்ததா, எந்த மாத்திரை எவ்வளவு நாளாகச் சாப்பிடுகிறார், மலக்குடல் காலியாக இருந்ததா என்பவை தெரியாமல் திரையை மட்டும் பார்ப்பவர், எவ்வளவு கற்றவராக இருந்தாலும் வழுக்குவார். நம் ஊர்களில் ஸ்கேன் மையத்துக்கு வரும் சீட்டு பல வேளைகளில் 'பி.எஸ்.ஏ. உயர்வு' என்ற ஒரே வரியோடு முடிந்துவிடுகிறது.

சுரப்பியின் அமைப்பைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் மற்றவை விளங்கும். அமெரிக்க நோய்க்குறியியல் மருத்துவர் ஜான் மெக்நீல் வகுத்த மண்டலப் பிரிவைத்தான் இன்றும் பின்பற்றுகிறோம். பின்புறமும் பக்கங்களிலும் சூழ்ந்திருப்பது வெளிமண்டலம். இளம் வயதில் சுரப்பித் திசுவில் ஏறத்தாழ 70 விழுக்காடு இதுதான், புற்றுகளில் பெரும்பான்மையும் இங்குதான் தோன்றுகின்றன. சிறுநீர்ப்பாதையை ஒட்டிய இடைமண்டலம் இளமையில் மிகச் சிறியது. வயது ஏற ஏற வீங்கி, சிறுநீரை அடைக்கும் தொல்லையைத் தருவது அதுவே. விந்து வெளியேறும் குழாய்களைச் சுற்றிச் சுரப்பியின் மேற்பகுதியில் இருப்பது மையமண்டலம். முன்புறம் தசையும் நாரும் கலந்த ஒரு பட்டை இருக்கிறது. அதில் சுரப்பித் திசுவே கிடையாது.

எம்.ஆர்.ஐ. இந்த மண்டலங்களைப் பல வகைப் படங்களாக எடுக்கிறது. டி2 படம் உடற்கூற்றைத் தெளிவாகக் காட்டும். நீர்ச்சத்து நிறைந்த வெளிமண்டலம் அதில் வெள்ளையாகவும், புற்று பெரும்பாலும் கருமையாகவும் தெரியும். டிஃப்யூஷன் படம் திசுவுக்குள் நீர் மூலக்கூறுகள் எவ்வளவு தாராளமாக நகர்கின்றன என்பதை அளக்கிறது. செல்கள் நெருக்கியடித்து வளர்ந்த இடத்தில் நகர்வு குறைவதால், நீர் நகர்வைக் கூர்ந்து பிரித்துக்காட்டும் 'உயர் பி-மதிப்பு' அமைப்பில் எடுத்த படத்தில் அவ்விடம் வெண்மையாக ஒளிரும். அதிலிருந்து கணக்கிடப்படும் ஏ.டி.சி. வரைபடத்தில் கருமையாகத் தெரியும். மூன்றாவதாக, கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தியதும் எந்த இடம் முந்திக்கொண்டு ஒளிர்கிறது என்று பார்க்கும் படம். 2012-இல் தொடங்கி 2015-இலும் 2019-இலும் திருத்தப்பட்ட பை-ராட்ஸ் முறையின் அடிப்படை விதி எளிது: வெளிமண்டலத்தில் டிஃப்யூஷன் படத்தின் சொல்லே முதற்சொல், இடைமண்டலத்தில் டி2 படத்தின் சொல். இந்த விதியை மாற்றிப் போடுவதுதான் தொடக்க நிலையில் இருப்பவர்கள் மிகுதியாகச் செய்யும் பிழை. இடைமண்டலத்தில் டிஃப்யூஷன் படம் காட்டும் வெண்புள்ளி ஒவ்வொன்றுக்கும் 4 போட்டுக்கொண்டே போனால், வயதான ஒவ்வொருவர் சுரப்பியிலும் புற்று இருப்பதாகிவிடும்.

நோயே இல்லாத இயல்பான அமைப்பு புற்றுபோல் தோற்றமளிப்பதில் முதலிடம் மையமண்டலத்துக்கு. அது டி2 படத்திலும் கருமை, ஏ.டி.சி. வரைபடத்திலும் கருமை. இடமும் வலமும் சமமாக இருக்கும்வரை அடையாளம் கண்டுகொள்ளலாம். இடைமண்டலம் ஒருபுறம் அதிகமாக வீங்கி, மையமண்டலத்தை மறுபுறம் தள்ளி நசுக்கிவிட்டால், ஒரு பக்கத்தில் மட்டும் கருநிழல் நிற்பதுபோல் தெரியும். அங்கேதான் தவறான 4-கள் பிறக்கின்றன. குறுக்குவெட்டுப் படத்தோடு நின்றுவிடாமல், முன்பாகம் பின்பாகம் எனப் பிரியும்படி வெட்டிய கொரோனல் படத்தையும் திறந்து, அந்த நிழல் விந்து வெளியேற்றுக் குழாயை ஒட்டிக் கீழ்நோக்கிக் குறுகிச் செல்கிறதா என்று பார்த்தால் பெரும்பாலும் ஐயம் தீரும். கான்ட்ராஸ்ட் படத்தில் அது முந்தி ஒளிராது என்பதும் துணை செய்யும். ஆனால் மையமண்டலத்தில் புற்று வரவே வராது என்று இருந்துவிடவும் முடியாது. அரிதாகத்தான் வரும், வந்தால் விந்துப்பைக்குள் பரவும் வேகம் அதிகம். சமமின்மைக்கு வீக்கம் என்ற விளக்கம் கிடைக்காத இடத்தில் ஐயத்தை விட்டுவிடக்கூடாது.

முன்புறத் தசைநார்ப் பட்டையும் கருமைதான். ஆனால் அது உயர் பி-மதிப்புப் படத்திலும் கருமையாகவே இருக்கும், ஒளிராது. ஏ.டி.சி.யில் கருமையைப் பார்த்தவுடன் முடிவு கட்டாமல் இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும் பழக்கம் இருந்தால் இந்தப் பிழை நேராது. இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு: டி2 படத்தில் இயல்பாகவே மிகுந்த வெண்மையுள்ள திசு, டிஃப்யூஷன் படத்திலும் அந்த வெண்மையைக் கடத்திக் காட்டும். ஏ.டி.சி. கருமையாக இல்லையென்றால் அந்த ஒளிர்வுக்கு மதிப்பில்லை. சுரப்பியின் மேற்பகுதியில் பின்புற நடுக்கோட்டில் சுரப்பியைப் போர்த்திய உறையும் சவ்வும் சேரும் இடம், இடைமண்டலத்துக்கும் வெளிமண்டலத்துக்கும் நடுவே அழுந்தித் தடித்த பிறைவடிவப் பட்டை, பக்கவாட்டில் ஓடும் சிரைப் பின்னல் ஆகியவையும் இதே வரிசையில் வருபவை.

இயல்பான அமைப்பு தரும் குழப்பத்தைப் பாடநூலைப் படித்து வெல்லலாம். இரத்தமும் அழற்சியும் தரும் குழப்பத்துக்கு அது போதாது. நோயாளியின் கதை தெரியவேண்டும். ஊசிச் சோதனைக்குப் பின் சுரப்பிக்குள் தங்கும் இரத்தம் பல வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள்கூட இருக்கும். அது டி2-வைக் கருமையாக்கும், ஏ.டி.சி.யையும் குறைத்துக் காட்டும். ஒரே காப்பு, டி1 என்ற இன்னொரு வகைப் படம்: இரத்தம் அதில் வெண்மையாகத் தெரியும். இங்கே உடலியக்கத்தின் ஒரு நுட்பம் படிப்பவருக்குக் கைகொடுக்கிறது. இயல்பான வெளிமண்டலத் திசுவில் சிட்ரேட் நிறைய உண்டு. அது இரத்தத்தை உறையவிடாது, எனவே கசிந்த இரத்தம் அங்கே நெடுநாள் நிற்கும். புற்றுத் திசுவில் சிட்ரேட் குறைவு. அங்கே இரத்தம் தங்காது. டி1 படத்தில் சுற்றிலும் வெண்மையும் நடுவில் ஓரிடம் மட்டும் வெண்மையின்றியும் தெரிந்து, டி2-வில் அதே இடம் கருமையாக இருந்தால், ஐயம் குறையாமல் கூடவேண்டும். இதைப் பார்க்காமல் 'இரத்தக் கசிவு' என்று எழுதி விலக்கிவிடுவது, கசிவைப் புற்று என்று எழுதுவதைவிட ஆபத்தான பிழை. நோயின் பரவலை அளவிட எடுக்கும் படமென்றால், ஊசிக்குப் பின் குறைந்தது ஆறு வாரமாவது இடைவெளி விடலாம் என்பது பை-ராட்ஸ் தரும் அறிவுரை. ஆனால் ஓர் ஊரில் ஊசி போட்டு, முடிவு திருப்தியாக இல்லையென்று இரண்டாம் வாரமே வேறோர் ஊருக்கு வந்து படம் எடுப்பவர்கள் உண்டு. ஊசி போட்ட செய்தியை அவர்கள் யாரும் கேட்காமல் சொல்வதில்லை.

அழற்சி இன்னும் சிக்கலானது. சிறுநீர்த் தொற்று, சிறுநீர் முற்றிலும் அடைத்துக்கொள்வது, குழாய் போடுவது ஆகிய எல்லாமே பி.எஸ்.ஏ.யை உயர்த்தும், தொற்று ஆறிய பின்னும் அந்த எண் இறங்கச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை ஆகலாம். நாட்பட்ட அழற்சி வெளிமண்டலத்தில் ஆப்பு வடிவிலோ கோடுகளாகவோ பரவலாகவோ கருமையைப் படர்த்தும். இந்த வடிவங்களுக்குப் பை-ராட்ஸ் 2 கொடுக்கச் சொல்வது அதனால்தான். ஒற்றை வட்டமாகத் திரண்ட அழற்சியைப் புற்றிலிருந்து படத்தால் பிரித்தறிய முடியாது. நீரிழிவு உள்ளவர்களுக்குச் சுரப்பியில் சீழ் கட்டுவது உண்டு. சீழ், டிஃப்யூஷன் படத்தில் எந்தப் புற்றுக்கும் சளைக்காமல் ஒளிரும். காய்ச்சல் இருந்ததா, சர்க்கரை உண்டா என்ற இரண்டு கேள்விகளும் ஓரங்கள் மட்டும் ஒளிரும் கான்ட்ராஸ்ட் படமும் சேர்ந்தால் தெளிவாகிவிடும் அது, சீட்டில் 'பி.எஸ்.ஏ. உயர்வு' என்று மட்டும் இருந்தால் பை-ராட்ஸ் 5 ஆகிவிடக்கூடும்.

இவற்றுள் தேர்ந்தவர்களையே ஏமாற்றுவது, அழற்சிச் செல்கள் சிறு முடிச்சுகளாகத் திரளும் கிரானுலோமா வகை அழற்சி. டி2-வில் ஆழ்ந்த கருமை, ஏ.டி.சி.யில் மிகக் குறைந்த அளவு, சிலவேளை உறையைத் தாண்டியது போன்ற தோற்றம் என்று வீரியமான புற்றின் எல்லா அடையாளங்களும் அதற்கு உண்டு. காசநோய் அதற்கு ஒரு காரணம். பெருந்துறையில் ஓரிடத்துக்குச் சானடோரியம் என்ற பெயர் இன்றும் புழங்கும் அளவுக்குக் காசநோயை அறிந்த வட்டாரம் நம்முடையது. ஆனாலும் புரோஸ்டேட் படத்தைப் படிக்கும்போது அந்த நோய் பலருக்கு நினைவில் வருவதில்லை. மற்றொரு காரணம், காசநோய்த் தடுப்பூசியாக நாம் அறிந்த பி.சி.ஜி. சிறுநீர்ப்பையின் மேலோட்டமான புற்றுக்கு அறுவைக்குப் பின் பி.சி.ஜி. மருந்தைப் பைக்குள் வாரந்தோறும் செலுத்துவது வழக்கமான சிகிச்சை. அதன் பின்விளைவாகப் புரோஸ்டேட்டிலும் கிரானுலோமா உண்டாகலாம்.

எடுத்துக்காட்டாக, காங்கேயத்தைச் சேர்ந்த எழுபது வயதுக்காரர் ஒருவர் பி.எஸ்.ஏ. 9-ஓடு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வெளிமண்டலத்தில் இரண்டு சென்டிமீட்டர் நிழல். எல்லாப் படங்களிலும் புற்றின் தோற்றம். ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் என்பதால் எண் 5. அறிக்கை எழுதும் முன் அவரிடம், "இதுக்கு முன்னால சிறுநீர்ப்பையில ஏதாச்சும் ஆபரேசன் பண்ணியிருக்கீங்களாங்க ஐயா?" என்று கேட்டால், "போன வருசம் கோயமுத்தூர்ல கட்டி எடுத்தாங்க, அப்புறம் ஆறு வாரம் பைக்குள்ள மருந்து ஊத்துனாங்க" என்று அவர் சொல்லக்கூடும். இந்த ஒரு வாக்கியம் 5 என்ற எண்ணை மாற்றாது. திசு எடுத்துப் பார்த்துத்தான் ஆகவேண்டும். ஆனால் அறிக்கையின் முடிவுரையில் பி.சி.ஜி.க்குப் பிந்தைய கிரானுலோமாவுக்கும் வாய்ப்புண்டு என்று எழுதப்பட்டிருந்தால், திசு முடிவில் புற்று இல்லை என்று வரும்போது யாரும் பதறி இரண்டாம் முறை, மூன்றாம் முறை ஊசி செலுத்தமாட்டார்கள்.

இடைமண்டலத்துக்கு வருவோம். வயதாகி வீங்கிய சுரப்பியில் சிறிதும் பெரிதுமாகக் கணுக்கள் நிறைந்திருக்கும். சுரப்பித் திசு மிகுந்த கணு வெள்ளை, நார்த்திசு மிகுந்த கணு கருமை. நார்க்கணு டிஃப்யூஷன் படத்திலும் ஐயத்தைக் கிளப்பும், கான்ட்ராஸ்ட் படத்திலும் முந்தி ஒளிரும். ஆகவே அவ்விரண்டும் இங்கே தீர்ப்பு சொல்ல முடியாது. கணுவின் விளிம்பைத்தான் பார்க்கவேண்டும். சுற்றிலும் மெல்லிய கருங்கோடு முழுமையாக ஓடினால் அது பெரும்பாலும் தீங்கற்றது. விளிம்பே இல்லாமல், கரித்துண்டால் தீட்டி விரலால் தேய்த்துவிட்டதுபோல் கலங்கிப் பரவிய கருமை, அதுவும் இருபுறம் கூரான வில்லை வடிவில் முன்புறமாக இருந்தால், புற்றை எண்ணவேண்டும். இடையில் நிற்பவைதான் தொல்லை. 2019-இன் திருத்தம் இவற்றுக்கு ஒரு வழி செய்தது: டி2-வில் 2 பெறும் கணு, டிஃப்யூஷனில் 4 அல்லது 5 பெற்றால் மொத்த எண் 3 ஆகும்; டி2-வில் 3 பெறுவது டிஃப்யூஷனில் 5 பெற்றால் 4 ஆகும் என்பது முன்பிருந்தே உள்ள விதி. இந்த ஏற்ற விதிகளை நினைவில் வைத்துக்கொண்டு எழுதினாலே அறிக்கைகளுக்கு இடையிலுள்ள வேறுபாடு பாதி குறையும் என்பது என் எண்ணம். சில கணுக்கள் வெளிமண்டலத்துக்குள் பிதுங்கிக்கொண்டு நிற்பதும் உண்டு. உருண்டையாக, உறையோடு இருந்தால் அவையும் அதே இனந்தான்.

முன்புறப் புற்றைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். மலக்குடல் வழியாகச் செய்யும் விரல் சோதனைக்கு அது எட்டாது. மலக்குடல் வழி ஊசியும் பின்புறத்தையே அதிகம் தொடும். பி.எஸ்.ஏ. ஏறிக்கொண்டே போக, இரண்டு முறை திசு எடுத்தும் ஒன்றுமில்லை என்று வந்தவருக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது படிப்பவர் முதலில் போகவேண்டிய இடம் முன்புறமும், சுரப்பியின் கீழ்முனையும், வெளிமண்டலத்தின் முன்கொம்புகளுந்தான். பின்புறத்தில் கண்ணைப் பறிக்கும் ஒரு நிழல் கிடைத்துவிட்டால் தேடல் அங்கேயே நின்றுவிடுவது மனித இயல்பு. அதனால்தான் விந்துப்பை, நிணநீர்க் கட்டிகள், இடுப்பெலும்பு ஆகியவற்றை வரிசை மாறாமல் ஒவ்வொரு முறையும் பார்க்கும் ஒழுங்கு தேவைப்படுகிறது.

படத்தின் தரம் சரியில்லையென்றால் மேலே சொன்ன நுட்பம் எதுவும் உதவாது. புரோஸ்டேட் மலக்குடலின் மேல் சாய்ந்து கிடக்கிறது. குடலில் காற்று தேங்கியிருந்தால், காற்றும் திசுவும் சந்திக்கும் எல்லையில் காந்தப்புலம் கோணி, டிஃப்யூஷன் படம் வளைந்து நெளிந்துவிடும். கெடுவது வெளிமண்டலத்தின் பின்பகுதி, அதாவது எது பெரும்பான்மைப் புற்றுகளின் இருப்பிடமோ அதுவே. எந்திரத்தின் விலை கோடிகளில் இருந்தாலும், படத்தைக் காப்பாற்றுவது டெக்னீசியன் கேட்கும் ஒரு கேள்வி: "காலைல வயிறு சுத்தமாப் போச்சுங்களா?" இல்லை என்று பதில் வந்தால் கழிப்பறைக்கு அனுப்பலாம், சிறிய எனிமா கொடுக்கலாம், காற்று மட்டும் இருந்தால் மெல்லிய குழாய் வைத்து வெளியேற்றலாம். அந்தப் பத்து நிமிடத்தை மிச்சம் பிடிக்கும் மையத்தில் எடுத்த படம், பல வேளைகளில் மறுபடி எடுக்கவேண்டிய படமாகிவிடுகிறது. இடுப்பு மூட்டு மாற்று அறுவை செய்தவர்களுக்கு உலோகத்தால் இதே கோணல் வரும். அவர்களுக்கு டிஃப்யூஷனை நம்ப முடியாதபோது கான்ட்ராஸ்ட் படத்தின் மதிப்பு கூடுகிறது.

காந்தத்தின் வலிமையை டெஸ்லா என்ற அலகால் சொல்வார்கள். 1.5 டெஸ்லா எந்திரம் போதுமா, 3 டெஸ்லாதான் வேண்டுமா என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. 3 டெஸ்லா விரும்பத்தக்கது. ஆனால் பிராமிஸ் ஆய்வு முழுவதும் 1.5 டெஸ்லா எந்திரங்களில்தான் நடந்தது. கரூரிலோ திருப்பூரிலோ உள்ள 1.5 டெஸ்லா எந்திரத்தில், மூன்று மில்லிமீட்டர் தடிப்பில் இடைவெளியின்றி வெட்டி, 1400-க்குக் குறையாத உயர் பி-மதிப்பில் எடுத்த படம், அவசரமாக எடுத்த 3 டெஸ்லா படத்தைவிட மேலானது. எந்திரத்தின் எண்ணைக் கேட்கும் நோயாளிகளும் மருத்துவர்களும் படம் எடுக்கப்பட்ட முறையைக் கேட்பதில்லை. படத்தின் தரத்துக்கே மதிப்பெண் கொடுக்கும் பை-குவால் என்ற முறை 2020-இல் வந்துவிட்டது. அறிக்கையில் அதையும் எழுதினால், தரம் குறைந்த படத்திலிருந்து வந்த 'ஒன்றுமில்லை' என்ற சொல்லுக்கு எவ்வளவு எடை கொடுப்பது என்று சிறுநீரியல் மருத்துவர் அறிந்துகொள்வார். கான்ட்ராஸ்ட் இன்றி எடுப்பதும் பெருகி வருகிறது. 2025-இல் வெளியான பிரைம் ஆய்வு, கான்ட்ராஸ்ட் இல்லாத சுருக்கமான முறையும் குறைந்ததன்று என்று காட்டியது; நல்ல தரமான டி2-வும் டிஃப்யூஷனும் கையில் இருக்கும்போது மட்டுமே அந்த முடிவு பொருந்தும்.

இன்னொரு தடுமாற்றம் நம் பக்கத்தில் கண்கூடாகப் பார்ப்பது. பெரிய பிளாஸ்டிக் கவரில் நான்கைந்து பிலிம்களைச் சுருட்டிக்கொண்டு ஊர் ஊராக இரண்டாம் கருத்துக்குப் போவது. 14×17 அங்குல பிலிமில் சிறு சிறு கட்டங்களாக அச்சிட்ட படத்தில் ஏ.டி.சி. அளவை அளக்க முடியாது, வெண்மை கருமையைக் கூட்டிக் குறைக்க முடியாது. உயர் பி-மதிப்புப் படங்கள் சிலவேளை அச்சிடப்படுவதே இல்லை. டி1 படமும் அப்படித்தான் விடுபட்டுப் போகும். பிலிமை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துச் சொல்லும் இரண்டாம் கருத்து, எவ்வளவு பெரிய மருத்துவர் சொன்னாலும் முதல் கருத்துக்கு மாற்றாகாது. சிடி அல்லது பென் டிரைவ் கேட்டு வாங்கிக்கொள்வது நோயாளியின் உரிமை. மையங்களும் மறுப்பதில்லை, கேட்பவர்தான் குறைவு.

அறிக்கையில் வரும் எண் நோயின் கட்டத்தைக் குறிப்பதன்று என்பதையும் இங்கே சொல்லிவிடுவது நல்லது. பை-ராட்ஸ் 4 என்று பார்த்துவிட்டு, நாலாம் ஸ்டேஜ் என்று குடும்பமே உடைந்துபோவது நடக்கிறது. வீரியமுள்ள புற்று இருப்பதற்கான வாய்ப்பு எவ்வளவு என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது.

அந்த எண்ணைத் தனியே வைத்து முடிவெடுக்கவும் கூடாது. பி.எஸ்.ஏ. அளவைச் சுரப்பியின் கன அளவால் வகுத்தால் கிடைக்கும் அடர்த்தியைச் சேர்த்துப் பார்க்கவேண்டும். பி.எஸ்.ஏ. 6 உள்ள ஒருவருக்குச் சுரப்பி 80 மில்லி என்றால் அடர்த்தி 0.075, அதே 6 உள்ள மற்றொருவருக்குச் சுரப்பி 30 மில்லி என்றால் 0.2. வழக்கமாகக் கொள்ளும் வரம்பு 0.15. பை-ராட்ஸ் 3 என்று இருவருக்கும் எழுதப்பட்டிருந்தாலும், முதலாமவரைக் கண்காணிப்பில் வைக்கலாம், இரண்டாமவருக்குத் திசு எடுப்பதே பொருத்தம். இந்தக் கணக்கைக் கவிழ்ப்பது, சுரப்பி வீக்கத்துக்குத் தரப்படும் ஃபினாஸ்டிரைடு, டுடாஸ்டிரைடு மாத்திரைகள். ஆறு மாதம் முதல் ஓராண்டு சாப்பிட்டால் அவை பி.எஸ்.ஏ.யைப் பாதியாக இறக்கிவிடும், சுரப்பியையும் சுருக்கும். டுடாஸ்டிரைடு பெரும்பாலும் டாம்சுலோசினோடு சேர்ந்த ஒரே மாத்திரையாக வருவதால், "சிறுநீர் நல்லா போறதுக்கு ஒரு மாத்திரை" என்று மட்டுமே நோயாளிக்குத் தெரியும். அவருடைய 3.5, உண்மையில் 7-க்குச் சமம். மாத்திரை அட்டையைக் கொண்டுவரச் சொல்லிப் பார்ப்பதைத் தவிர இதற்கு வேறு வழியில்லை. சுரப்பியைச் சுரண்டி எடுக்கும் டி.யு.ஆர்.பி. அறுவை முன்பு நடந்திருந்தாலும் நடுப்பகுதியின் தோற்றம் மாறியிருக்கும். கதிர்வீச்சோ ஹார்மோன் சிகிச்சையோ பெற்றவர்களின் சுரப்பி முழுவதும் கருமையாகச் சுருங்கிவிடுவதால், பை-ராட்ஸ் எண்ணை அவர்களுக்குப் பயன்படுத்தவே கூடாது.

படத்தில் ஒன்றுமில்லை என்று வந்தாலும் வேலை முடிந்துவிடவில்லை. எம்.ஆர்.ஐ.யில் தெரியாத புற்று உண்டு. பிராமிஸ் ஆய்விலேயே, படத்தில் ஒன்றுமில்லை என்று வந்தவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு வீரியமுள்ள புற்று இருந்தது. குடும்பத்தில் புற்று வரலாறும் உயர்ந்த அடர்த்தியும் உள்ளவருக்குப் பை-ராட்ஸ் 2 என்பது ஆறுதலான எண். விடுதலைப் பத்திரமாக அதை எடுத்துக்கொள்ள முடியாது. அவருடைய பி.எஸ்.ஏ.யைக் குறிப்பிட்ட கால இடைவெளியில் தொடர்ந்து பார்த்துவர வேண்டும்.

இதற்கு எதிர்நிலையும் வரும். பை-ராட்ஸ் 5 என்று எழுதப்பட்ட நிழலிலிருந்து எடுத்த திசுவில் புற்று இல்லை என்று நோய்க்குறியியல் மருத்துவர் எழுதுகிறார். அப்போது படமும் திசுவும் பொருந்தவில்லை என்று சொல்லி ஏதேனும் ஒரு பக்கத்தைத் தள்ளிவிடுவது எளிது. முதலில் கேட்கவேண்டியது, ஊசி அந்த நிழலைத் தொட்டதா என்பது. படத்தை மனத்தில் வைத்துக்கொண்டு அல்ட்ராசவுண்டில் குத்துமதிப்பாகக் குறிவைக்கும்போது, சிறிய நிழலும் முன்புற நிழலும் தவறிப்போவது சாதாரணம். தொட்டது உறுதியென்றால், திசுவில் என்ன இருந்தது என்பது அடுத்த கேள்வி: கிரானுலோமாவோ நார்க்கணுவோ தெளிவாக எழுதப்பட்டிருந்தால் படத்துக்கு விளக்கம் கிடைத்துவிட்டது. 'இயல்பான சுரப்பித் திசு' என்று மட்டும் இருந்தால் விளக்கம் கிடைக்கவில்லை. படித்தவர், ஊசி போட்டவர், திசு பார்த்தவர் மூவரும் ஒரே திரையின் முன் உட்கார்ந்து அந்த ஒரு நோயாளியைப் பற்றிப் பேசவேண்டும். கோவையின் பெரிய மருத்துவமனைகளில் இது சாத்தியம். ஸ்கேன் ஓர் ஊரிலும் ஊசி வேறோர் ஊரிலும் லேப் மூன்றாவது ஊரிலும் இருக்கும்போது, ஒரு தொலைபேசி அழைப்பாவது வேண்டும். விளக்கம் கிடைக்காத 4-க்கும் 5-க்கும் மறுபடி குறிவைத்துத் திசு எடுப்பதோ, சில மாதம் கழித்து மறுபடி படம் எடுப்பதோதான் வழி. இரண்டாம் படம் எடுக்கப் போகும்போது முதல் படத்தின் சிடியும் திசு அறிக்கையும் கூடவே போகவேண்டும். நிழல் வளர்ந்திருக்கிறதா, அப்படியே நிற்கிறதா, அழற்சி ஆறியதுபோல் மறைந்திருக்கிறதா என்பதை ஒப்பிட்டுச் சொல்ல அவை இல்லாமல் முடியாது.